வரி 412-க்கான விளக்கம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பைலிலிருந்து வந்தது. 1,140 வரிகள் உள்ள மொழிபெயர்ப்பு பைல். லிஃப்ட் பழுது பார்க்கிற மெக்கானிக்குகள் கையில் ஒரு செயலி வைத்திருக்கிறார்கள். அதன் திரையில் தெரிகிற ஒவ்வொரு சொல்லும் அந்த பைலிலிருந்துதான் வருகிறது. அந்தச் செயலியை எழுதுகிறவர்களில் நானும் ஒருத்தி. வார நாட்களில் கோட், ஞாயிற்றுக்கிழமைகளில் கதை. இரண்டிலும் முதல் தடவையே எதுவும் ஒழுங்காக ஓடியதில்லை.

கதையில் ஒரு ரகசியம் இருக்கிறது. அது என்னுடையது. நான்கு வருடமாக என் கணவருக்குத் தெரியாது. போன செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு அவருடைய அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. இன்னொருவர் வாயிலிருந்து என் கணவர் காதுக்குப் போவதற்குள் நான் சொல்லியாக வேண்டும். எழுந்து போய்ச் சொல்வதை விட்டுவிட்டு உட்கார்ந்து கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அது சரிதான்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும்.

[ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றபோது அந்த மெக்கானிக் தன் தம்பியை நினைத்துக்கொண்—]

இல்லை. லிஃப்ட் நடுவில் நின்றால் மெக்கானிக் மெயின் சுவிட்சைத்தான் நினைப்பார்.

[மொழி என்பது ஒரு—]

இப்படித் தொடங்குகிற எதையும் நானே படிக்க மாட்டேன். உங்களை மட்டும் ஏன் படுத்த வேண்டும்?

[ஓரகத்திகள் இரண்டு பேர். நான்கு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தபோது, அவர்கள் தினமும்—]

இதில் உண்மை இருந்தது. அதனால்தான் பயந்துபோய் நிறுத்தினேன். ஆனால் இங்கிருந்துதான் போக வேண்டும்போல.

3

என் கணவரின் அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஓரகத்தி என்றதும் நீங்கள் ஒரு குடுமிப்பிடிச் சண்டையை எதிர்பார்த்தால் மன்னிக்கவும், எங்களுக்குள் அது கிடையாது. அக்கா வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு செய்கிறவர். ஒன்பது வருடத்துக்கு முன் எங்கள் செயலியின் வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்தவள் நான். செயலிக்கே வித்திட்டவர் அக்காவின் கணவர். இருபத்திரண்டு வருட லிஃப்ட் மெக்கானிக். அவரைப் பெரியவர் என்கிறேன். "பேப்பர்ல எழுதுறது எண்ணெய் பட்டு அழிஞ்சிடுதும்மா, போன்லயே டிக் அடிக்கிற மாதிரி ஏதாவது செய்யேன்" என்று அவர் சொன்னதை நான் ஆபீஸில் போய்ச் சொன்னேன். என் கணவர் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவர்.

இந்த இரண்டு அண்ணன் தம்பிக்கும் ஒருவருக்கொருவர் போன் செய்யாமல் பொழுது போகாது. "டேய், உங்க பக்கம் மழையா?" என்று ஒரு போன். "விட்டுடுச்சா?" என்று இன்னொன்று. ஒரே நாளில் பத்து.

4

இந்தப் பகுதியை ஆறு முறை எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரு கதாபாத்திரம் வந்து என் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. ஒரு வடிவத்தில் அது கணவரின் தங்கை. இன்னொன்றில் பக்கத்து வீட்டுக்காரி. கடைசியில் வெறுத்துப்போய் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டேன். செய்தது நான்.

அன்று புதன்கிழமை. நான் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தேன். செயலியின் புதுப் பதிப்பு வெளியாகிற நாள். என் கணவர் போனை சோபாவில் மறந்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். மூன்றரை மணிக்கு அது அடித்தது. திரையில் 'அண்ணன்'. மழையாக இருக்கும் என்று நினைத்தேன். மீட்டிங்கில் நான் பேச வேண்டிய முறை. போனை சைலன்ட்டில் போட்டு, குஷனுக்கு அடியில் தள்ளினேன். அதன் பிறகு எட்டு முறை அது அதிர்ந்தது. எட்டும் எனக்குக் கேட்டது. எரிச்சலாக இருந்தது, அவ்வளவுதான்.

மாமனார் காலைவரை நன்றாக இருந்தவர். மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் அரை மணி நேரம் நினைவோடு இருந்தார். கடையிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிட தூரம்.*

சாயங்காலம் வந்து போனை எடுத்துப் பார்த்த என் கணவர், தானே சைலன்ட்டில் போட்டிருந்ததாக நினைத்துக்கொண்டார். கடையில் எப்போதும் அப்படித்தான் வைத்திருப்பார். நான் வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவர் அண்ணனிடம், "சைலன்ட்ல போட்டு வீட்லயே மறந்துட்டேண்ணே" என்றார். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் பெரியவர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"அப்பா கடைசி வரைக்கும் உன்னைத்தான்டா கேட்டாரு, நீ சைலன்ட்ல இருந்திருக்க."

அதோடு நின்றது அவர்கள் பேச்சு. நான் அப்போது என் கணவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். மறுநாளும் சொல்லியிருக்கலாம். அதற்கடுத்த எந்த நாளிலும் சொல்லியிருக்கலாம்.

(*என்னை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பீர்கள். அக்கா இரண்டு முறை முயன்றார். மீட்டிங் ஓடிக்கொண்டிருந்ததே என் போனில்தான், லைன் கிடைக்கவில்லை. கடையின் எண் அந்தப் பதற்றத்தில் யாருக்கும் தோன்றவில்லை. இந்த அடிக்குறிப்பை என்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதவில்லை. கொஞ்சம் அதற்காகவும்தான்.)

5

இனி கொஞ்சம் தொழில் விஷயம். கொட்டாவி வந்தால் விட்டுக்கொள்ளுங்கள், ஆனால் பக்கத்தைப் புரட்டாதீர்கள். இது இல்லாமல் மற்றது புரியாது.

எங்கள் பைலில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மேலே ஒரு குறிப்பு எழுத இடம் உண்டு. 'இது பொத்தானில் வரும், சுருக்கமாக இருக்கட்டும்' என்பதுபோல் மொழிபெயர்ப்பாளருக்குச் சொல்வதற்காக வைத்தது. செயலி அந்தக் குறிப்பைத் தொடாது. மேலதிகாரிகளும் தொட மாட்டார்கள். உலகத்தில் யாரும் படிக்காத இடம் ஒன்று உண்டென்றால் அது இந்தக் குறிப்புதான். அண்ணன் தம்பி பேச்சு நின்றபின் எங்கள் இருவருக்கும் போன் செய்ய முடியவில்லை. என் போனை இவர் எடுப்பார், அக்கா போனை அவர் எடுப்பார். ஆபீஸ் மின்னஞ்சலில் பேசினால் பத்துப் பேருக்கு நகல் போகும். ஒரு நாள் 'கதவு முழுமையாக மூடியதா?' என்ற வரிக்கு மேலே அக்கா எழுதியிருந்தார்: 'நீ சாப்பிடுறியா இல்லையா? போட்டோல பாத்தேன், இளைச்சுட்ட.'

நான் பதில் எழுதினேன். அங்கே தொடங்கியது. வரி 97: 'கேபிள் தேய்மானம்'. அதற்கு மேலே அவர் பெண்ணின் கல்லூரி. வரி 233: 'மோட்டாரில் வழக்கத்துக்கு மாறான ஒலி'. அதற்கு மேலே, 'சின்னவர் இன்னும் குறட்டை விடுறாரா? டாக்டர்கிட்ட காட்டுன்னு எத்தனை தடவை சொல்றது.' இப்படி முந்நூற்றுச் சொச்சம் குறிப்புகள். இரண்டு குடும்பமும் நான்கு வருடம் அந்த பைலில் குடியிருந்தது.

வரி 412: 'உள்ளே சிக்கியிருப்பவரிடம் பேசினீர்களா?'

அதற்கு மேலே நான் எழுதியது: 'அக்கா, அன்னைக்கு போனை சைலன்ட்ல போட்டது அவர் இல்ல, நான். ஒன்பது தடவையும் எனக்குக் கேட்டுச்சு. பழி அவர் மேல. நான் வாயத் திறக்கல.'

அக்கா: 'படிச்சேன். ரொம்ப நேரம் எழுத முடியல. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், ஆனா நீ சொல்லணும். பேசினீர்களா-ன்னே இருக்கட்டும், மாத்த வேண்டாம்.'

(இந்த வாக்கியத்தை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன் என்று விமர்சகர் யாராவது எழுதினால் பல்லைக் கடித்துக்கொள்வேன். அன்று அந்த வரியில் வேலை நின்றிருந்தது, அங்கே எழுதினேன். கற்பனையாக இருந்தால் இதைவிட அடக்கமான ஒரு வரியைப் போட்டிருப்பேன்.)

6

இரண்டு வகை போன்களுக்கு இரண்டு செயலிகள், இரண்டு கோட், இரண்டு மொழிபெயர்ப்பு பைல்கள் என்று இதுவரை காலம் தள்ளினோம். ஒன்றில் 'ரத்து', இன்னொன்றில் 'வேண்டாம்'. ஒன்றில் திருத்தினால் இன்னொன்றில் மறந்துபோகும். இந்த வருடம், ஒரே கோட் இரண்டு போனிலும் ஓடுகிற புதுச் சட்டகத்துக்கு எல்லாவற்றையும் மாற்றுவது என்று முடிவானது. முடிவெடுத்தவர் எங்கள் டீம் தலைவர். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் நாளைக்குள்ள. எதைக் கேட்டாலும் நாளைக்குள்ள முடித்துவிடலாம் என்பார்.

புதுச் சட்டகத்தின் பைலில் குறிப்பு எழுத இடம் கிடையாது. வாக்கியம் இருக்கும். வேண்டுமானால் பக்கத்தில் 'விளக்கம்' என்று ஒரு பெட்டி இருக்கும். மாற்றும் நிரலை எழுதியவள் நான். குறிப்புகளை உதறிவிட்டு வாக்கியங்களை மட்டும் கொண்டுபோயிருக்கலாம். ஒழுங்கான எவரும் அதைத்தான் செய்வார்கள். எனக்கு மனசு வரவில்லை. அக்கா எழுதிய ஒரு எழுத்தையும் விட முடியவில்லை. குறிப்புகள் எல்லாவற்றையும் விளக்கப் பெட்டிக்குள் போகும்படி இரண்டு வரி சேர்த்தேன். யார் பார்க்கப்போகிறார்கள்?

நாளைக்குள்ள பார்த்தார்.

அதாவது, பெட்டிகள் நிரம்பியிருப்பதைப் பார்த்தார். உள்ளே இருப்பதைப் படிக்கவில்லை. "எல்லாக் கேள்விக்கும் விளக்கம் எழுதி வச்சிருக்கீங்க, சொல்லவே இல்லையே" என்று என்னைப் பாராட்டிவிட்டு, எதற்குப் பாராட்டு என்று எனக்குப் புரிவதற்குள் மீட்டிங்குக்குப் போய்விட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, அதைத் தொட்டால் விளக்கம் திறக்கும் என்று எனக்குச் சொல்லாமலே வேறொருவரை வைத்து ஒரே நாளில் செய்து முடித்தார். வாழ்க்கையில் முதல் முறையாக அவருடைய ஒரு வேலை உண்மையிலேயே நாளைக்குள் முடிந்தது.

மற்ற மொழிகளுக்கு மொழிபெயர்க்கிற நிறுவனத்திலிருந்து ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. 'வரி 233-இல் சின்னவர் குறட்டை விடுவதாக உள்ளது. சின்னவர் என்பது சிறிய மோட்டாரா?' நாளைக்குள்ள அதற்கு, 'ஆம், சிறிய மோட்டார்' என்று பதில் போட்டிருக்கிறார். என் கணவர் இப்போது ஐந்து மொழிகளில் சிறிய மோட்டார். டாக்டரிடம் காட்டச் சொன்னதை அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்க்க எனக்குத் தெம்பில்லை.

7

சோதனைப் பதிப்பு பன்னிரண்டு மெக்கானிக்குகளுக்குப் போனது. செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு மூன்றாம் எண் மெக்கானிக்கிடமிருந்து கருத்துப் பெட்டிக்கு ஒரு செய்தி: 'விளக்கங்கள் நன்றாக உள்ளன. அந்தப் பெண்ணுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததா?'

இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை படிக்கும்போதுதான், அது அக்கா பெண்ணின் கல்லூரி என்று உறைத்தது. எந்த மெக்கானிக் எந்தத் திரையை எப்போது திறந்தார் என்கிற பதிவு என்னிடம் இருக்கிறது. 412-ஐத் தேடினேன். ஒரே ஒருவர் திறந்திருந்தார். ஏழாம் எண். திறந்தது 11.15. மூடியது 11.21.

ஏழாம் எண் பெரியவர். பெயர்ப்பட்டியலைச் சரிபார்த்தவளே நான்தான்.

விளக்கம் மொத்தமே ஐந்து வரி. அதைப் படிக்க யாருக்கும் ஆறு நிமிடம் ஆகாது.

நாளைக்குள்ளயின் மேசைக்கு ஓடினேன். "அந்தக் கேள்விக்குறியை உடனே எடுக்கணும்" என்றேன்.

"ஏன், நல்லாத்தானே இருக்கு? நாலு வரி நானே பார்த்தேன்."

"எந்த நாலு வரி?"

"முதல் நாலு."

"மீதி ஆயிரத்து நூத்து முப்பத்தாறு?"

"நீங்க எழுதினதுன்னு விட்டுட்டேன்" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, நாளைக்குள்ள எடுத்துடலாம்" என்றார்.

8

இங்கே எனக்கு ஒரு கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. பெரியவர்.

முதல் வரைவில் அவரைக் கல்நெஞ்சக்காரராக எழுதியிருந்தேன். வசதியாக இருந்தது. தம்பியைச் சபையில் வைத்து அவமானப்படுத்தியவர், நான்கு வருடம் முகம் கொடுக்காதவர். [அவர் அந்தத் திரையைப் பார்த்துக் கசப்பாகச் சிரித்—] என்று ஒரு வாக்கியம்கூட இருந்தது. அவர் சிரித்தாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆறு நிமிடம். ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் மோட்டார் அறை. கையில் கிரீஸ். சுண்டுவிரலால் திரையைத் தொட்டிருப்பார், அவருக்கு அது பழக்கம். முதலில் தன் மனைவியின் வார்த்தைகள் என்று கண்டுபிடித்திருப்பார். பிறகு யார் யாருக்கு எழுதியது என்று. பிறகு, தான் சொன்ன அந்த ஒரு வாக்கியம் நினைவுக்கு வந்திருக்கும். அதை ஆள் மாற்றிச் சொல்லியிருக்கிறோம் என்று தெரிந்திருக்கும்.

கீழே யாரோ லிஃப்டுக்காகக் காத்துக்கொண்டிருந்திருப்பார்கள். 11.21-க்கு மூடிவிட்டு வேலையை முடித்திருக்கிறார். அடுத்த டிக் 11.40-க்கு இருக்கிறது.

பெரியவர் பார்த்துவிட்டதை உடனே பழைய பைலில் அக்காவுக்கு எழுதியிருந்தேன். அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தார். நான்கு வருடத்தில் முதல் முறை.

"வந்தாரு. சாப்பிட்டாரு. ஒண்ணுமே கேக்கல" என்றார். "எனக்குத்தான் பயமா இருக்கு. கத்தினாக்கூடப் பரவாயில்ல."

"அக்கா, நான்தான் எல்லாத்தையும் கொண்டு போய்—"

"தெரியும். நீ ஏன் அதைத் தூக்கிப் போடலன்னும் தெரியும். இப்ப அதைப் பேச வேண்டாம்."

அவரிடம் நான் சொல்லாதது ஒன்று இருந்தது. நாலரை மணிக்கே கருத்துப் பெட்டிக்கு ஏழாம் எண்ணிடமிருந்து செய்தி வந்துவிட்டது. இரண்டு வரி.

'412 விளக்கத்தை எடுத்துவிடவும். மற்றவர்கள் பார்க்க வேண்டாம்.'

'தம்பிக்குத் தெரியுமா?'

9

முதல் வரிக்கு 'ஏற்கப்பட்டது' என்ற பொத்தானை அழுத்தினேன். புதன்கிழமை கேள்விக்குறிகள் எல்லாம் போய்விட்டன. ஒரு செய்தியில் இரண்டு வரி இருந்தால் எங்கள் முறைமை அதை இரண்டு புகாராகப் பிரித்துவிடும். இரண்டாவது வரிக்கும் 'ஏற்கப்பட்டது', 'நிராகரிக்கப்பட்டது' என்று அதே இரண்டு பொத்தான்கள்தான். இரண்டுமே பொய். அப்படியே விட்டேன்.

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் நாளைக்குள்ள பட்டியலைத் திறந்தார். "412 மட்டும் ஏன் நிலுவையில இருக்கு? தம்பிக்குத் தெரியுமான்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. யாரு தம்பி? நம்ம டீமா?"

"இல்ல."

"அப்ப மூடிடுங்க."

"பதில் இன்னும் இல்ல சார்."

"யார்கிட்டருந்து வரணும்?"

"என்கிட்டருந்து" என்றேன். அவர் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார்.

10

முடிவுகள்.

முதல் முடிவு: [அண்ணனும் தம்பியும் ஒரு டீக்கடையில் சந்திக்கிறார்கள். இருவருக்கும் தொண்டை அடைக்கிறது. அண்ணன் தம்பியின் தோளில் கை—] எனக்கு இந்த முடிவு பிடித்திருக்கிறது. ஆசைப்படுகிறேன் என்பதற்காக இன்னொருவர் கையை எடுத்து இன்னொருவர் தோளில் வைக்க எனக்கு உரிமை இல்லை. அதிலும் இந்த இரண்டு பேரிடம்.

இரண்டாவது முடிவு: [அவர் என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே—] இதற்கு மேல் எழுத முடியவில்லை. நியாயமாகப் பார்த்தால் இதுதான் நடக்க வேண்டும்.

மூன்றாவது முடிவு: நான் சொல்லவே இல்லை. பெரியவர் கௌரவம் பார்த்து வாயைத் திறக்கவில்லை. அக்கா வாக்குத் தவறவில்லை. புதுச் செயலி வெளியாகிறது. எல்லாம் பழையபடி. இந்த முடிவை நான் எழுத வேண்டியதே இல்லை, நான்கு வருடமாக அதில்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறேன். என் கணவர் ஒவ்வொரு வருடமும் அப்பா இறந்த நாளன்று கடைக்கு லீவு போட்டுவிட்டு நாள் முழுக்க ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பார். "ஒரு தடவை எடுத்துப் பார்த்திருக்கலாம்" என்பார். நான் காபி கொண்டுபோய்க் கொடுப்பேன். என்னிடம் எனக்கே அருவருப்பாக இருப்பது அந்தக் காபிதான்.

11

இன்று ஞாயிற்றுக்கிழமை, மணி நான்கு. இதை அச்செடுத்தாயிற்று. இந்தப் பகுதியை மட்டும் பேனாவால் எழுதுகிறேன்.

இதுவரை உங்களை உங்களை என்று யாரையோ பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். அந்த யாரோ கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும். இதை அவர்களுக்கு முன்னால் படிக்க வேண்டியவர் பக்கத்து அறையில் இருக்கிறார். என் கதைகளை அவர் படிக்க மாட்டார். 'உன் ஆளுங்க ரொம்ப யோசிக்கிறாங்க' என்பார். இதைப் படிப்பார், ஏனென்றால் கையில் கொடுத்துவிட்டுப் படிங்க என்று சொல்லப்போகிறேன்.

என்னங்க, நாலாவது பகுதியில இருக்கிறது கதை இல்ல. நடந்தது. நேர்ல சொல்லத்தான் அஞ்சு நாளா முயற்சி பண்றேன், வாய் வரல. எழுதத்தான் வந்தது. அதுக்கும் கோவப்படுங்க.

நீங்க போனை சைலன்ட்ல போடல. நீங்க மறந்ததெல்லாம் போனை எடுத்துட்டுப் போறதை மட்டும்தான். அதை யாரும் மறப்பாங்க.

உங்க அண்ணன் கேட்ட கேள்வி இன்னும் நிலுவையிலதான் இருக்கு. இந்த வரியைப் படிக்கிறப்பவே அதுக்குப் பதில் மாறிடுச்சு. ஆனா அதை நான் எழுதி அனுப்பப்போறதில்ல. என்னவா இருந்தாலும் அவருக்குச் சொல்ல வேண்டியது நீங்க. அவர் நம்பரை நீங்க அழிக்கலன்னு எனக்குத் தெரியும்.

எனக்குச் சொல்ல வேண்டியதும் உங்ககிட்டதான் இருக்கு. கீழே பாதிப் பக்கம் விட்டிருக்கேன். எழுதினாலும் சரி, கிழிச்சுப் போட்டாலும் சரி. நான் சமையலறையில இருக்கேன்.